ஜொகூர் அரியணையின் தாய்வழி: மணி புரிந்தன் குடும்பமும் முதல் சுல்தானும்

தெப்ராவ் ஆறு தெற்கே ஓடிவந்து கலக்கும் நீரிணையை மலாய் மக்கள் செலாட் தெப்ராவ் என்றே அழைக்கின்றனர். மலேசியாவின் ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் பிரிக்கும் அந்நீரிணை வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் ஜொகூர் ஆற்றின் அகன்ற முகத்துவாரம் வரும்; அங்கிருந்து ஆற்றை எதிர்த்து மேலேறினால் ஜொகூர் லாமா, கோத்தா திங்கி, பத்து சாவார் எனப் பழைய ஜொகூரின் தலைநகரங்கள் இருந்த இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தெப்ராவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1844ஆம் ஆண்டை ஒட்டி, அக்கால ஜொகூரின் ஆட்சியாளரான தெமெங்கோங் இப்ராகிம் ஆற்றங்கரை நிலங்களைக் கங்சு எனப்படும் சீனத் தலைவர்களிடம் ஒப்படைத்து மிளகும் காம்பியரும் பயிரிடச் செய்த காலத்திலிருந்து தொடங்குவர். இவ்வட்டாரத் தமிழர் வரலாறு அதற்கும் பிந்தி, இருபதாம் நூற்றாண்டின் ரப்பர்த் தோட்டங்களோடு தொடங்குவதாகவே பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ஜொகூர் சுல்தானகத்தின் முதல் அரசரான இரண்டாம் அலாவுதீன் ரியாயத் ஷாவின் குடும்ப வழியை மேல்நோக்கித் தேடிச் செல்வோர், பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியக் கரையிலிருந்து கப்பலேறி வந்த ஒரு முஸ்லிம் பிரபுவின் வீட்டு வாசலில் போய் நிற்பர். அதுவும் ஒரு வழியாக அன்று, மூன்று வழிகளாக. அக்குடும்பத்தின் பெண்களும் அவர்களுடைய உடன்பிறந்தாரும் ஓர் அரச மரபை எவ்வாறு உருவாக்கினர், அதற்கு என்ன விலை கொடுத்தனர் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கதைக்கு முதன்மைச் சான்று 'சுலாலத்துஸ் சலாத்தீன்', அதாவது 'அரசர்களின் வழிமுறை' என்னும் பெயருடைய மலாய் ஏடு. 'செஜாரா மெலாயு' என்று பரவலாக அறியப்படும் இந்நூலை யுனெஸ்கோ நிறுவனம் 2001இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இதன் புகழ்பெற்ற வடிவம் ஒன்றின் முன்னுரை, 1612ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜொகூர் ஆற்றங்கரையில் உள்ள பாசிர் ராஜாவில், அரச ஆணைப்படி அப்பணி தொடங்கியதாகக் கூறுகிறது. அப்பணியை மேற்கொண்டவர் ஜொகூரின் பெண்டஹாரா, அதாவது அரசருக்கு அடுத்த நிலையில் இருந்த முதலமைச்சர், துன் செரி லானாங். அவர் தம்மை அறிமுகப்படுத்தும்போது தந்தை, பாட்டன், பூட்டன் எனத் தம் பரம்பரையை அடுக்கிக்கொண்டே போய், ஜொகூருக்கு முந்தைய மலாய் அரசான மலாக்காவின் பெண்டஹாரா செரி மஹாராஜா துன் முத்தாஹிரையும், அவருடைய தந்தையான செரி நாரா டிராஜா துன் அலியையும் கடந்து, மணி புரிந்தன் என்னும் பெயரில் கொண்டுபோய் நிறுத்துகிறார். நூலாசிரியரே அக்குடும்பத்தவர் என்பதால், தம் முன்னோரைப் பற்றி அவர் எழுதியவற்றில் பெருமிதமும் கலந்திருக்கும் என்ற எச்சரிக்கையோடுதான் இவ்வேட்டைப் படிக்க வேண்டும். மலாக்காவின் தொடக்ககால அரசர்களின் வரிசையில் இவ்வேடும், போர்த்துக்கீசியரான தொமே பிரெஸ் எழுதிவைத்த குறிப்புகளும், சீனாவின் மிங் அரச பதிவுகளும் ஒத்துப்போகவில்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டியது. எனினும் பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நிகழ்ச்சிகள் தெளிவடைகின்றன. குறிப்பாக, பெண்டஹாரா ஒருவரைச் சுல்தானே கொல்வித்த 1510ஆம் ஆண்டு நிகழ்ச்சியைப் போர்த்துக்கீசியப் பதிவுகளும் உறுதிப்படுத்துகின்றன.

மணி புரிந்தன் வந்த நாட்டை ஏடு 'பெனுவா கெலிங்' என்று குறிக்கிறது. தென்னிந்தியாவின் கிழக்குக் கரையை அக்கால மலாய் மக்கள் அழைத்த பெயர் அது. அவர் தமிழ் முஸ்லிம் மரபினர் என்று வரலாற்றாசிரியர் பலர் கொள்கின்றனர். பகிலி என்னும் நகரை ஆண்ட முஸ்லிம் அரசர் ஒருவரின் மகனாக அவரை அறிமுகப்படுத்தும் ஏடு, தந்தை இறந்தபின் உடன்பிறந்தார் சொத்தைப் பங்கிட்ட கதையைச் சொல்கிறது. எல்லாம் பங்காகி முடிந்த நிலையில், மணிகள் பதித்த பொன் விளையாட்டுப் பலகை ஒன்று எஞ்சியது. அது பெண்கள் ஆடும் பொருள் என்பதால் சகோதரிக்கே கொடுத்துவிடலாம் என்றார் மணி புரிந்தன். மற்றவரோ அதற்கும் விலை மதித்துப் பங்கிட வேண்டும் என்றார். இவ்வளவு சிறிய காரியத்திலேயே தம் சொல் எடுபடவில்லை என்றால் பெரிய காரியத்தில் எப்படி எடுபடும் என்று மனம் நொந்த மணி புரிந்தன், மலாக்காவின் பெருமையைக் கேள்வியுற்றுக் கப்பல்களோடு புறப்பட்டார். வழியில் புயலில் கப்பல் மூழ்க, அலு-அலு எனப்படும் சீலா மீன் ஒன்று அவரை முதுகில் சுமந்து கரை சேர்த்ததாகவும், கந்தசூலிச் செடியைப் பற்றிக்கொண்டு அவர் கரையேறியதாகவும், அன்று முதல் தம் வழிவந்தோர் அம்மீனை உண்ணக்கூடாது, அப்பூவைச் சூடக்கூடாது என்று அவர் விலக்கியதாகவும் ஏடு கூறுகிறது. மீன் சுமந்த செய்தி புனைவுதான். ஆனால் உண்ணாத மீனும் சூடாத மலரும் ஒரு குடும்பத்தின் அடையாளமாக இருநூறு ஆண்டுகள் கழித்தும் நினைவில் நின்று எழுத்தில் ஏறியிருப்பது, கடல் கடந்து வந்த தொடக்கத்தை அக்குடும்பம் மறைக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

பிறகு சுமத்ராவின் பாசாய் நாட்டைத் தொட்டு மலாக்கா வந்து சேர்ந்த மணி புரிந்தன், அங்கே சுல்தான் முகமது ஷாவின் அவையில் அமைச்சராக இடம்பெற்றார். செரி நாரா டிராஜா என்னும் பட்டம் தாங்கிய மலாய்ப் பிரபு, தம் மகளை அவருக்கு மணம் செய்துகொடுத்தார். துன் அலி மணி புரிந்தனின் மகன். துன் வாத்தி மகள். துன் வாத்தியைச் சுல்தான் முகமது ஷா மணந்துகொள்ள, அவர்களுக்கு ராஜா காசிம் பிறந்தார். இவ்வாறு ஒரே தலைமுறைக்குள், வந்தேறிய குடும்பம் அரசருக்குப் பெண் கொடுத்த குடும்பமாயிற்று.

ஆயினும் ராஜா காசிமின் பாதை நேரானதாக இல்லை. சுல்தான் முகமது ஷாவுக்கு ரோக்கான் நாட்டு அரசகுமாரியிடம் பிறந்த ராஜா இப்ராகிம் என்ற மற்றொரு மகன் இருந்தார். 1440களின் நடுவில் தந்தை இறந்ததும், தாய் அரசகுலத்தவர் என்ற காரணத்தால் இளவயதினரான ராஜா இப்ராகிமே அரியணை ஏற, உண்மையான அதிகாரம் ரோக்கான் அரசரின் கைக்குப் போயிற்று. மூத்தவரான ராஜா காசிம் அரண்மனையிலிருந்து விலக்கப்பட்டு, தூண்டில் போட்டு மீன் பிடித்து வாழ்ந்ததாக ஏடு சொல்கிறது. மேற்கிலிருந்து வந்த மௌலானா ஜலாலுதீன் என்னும் சமய அறிஞர் படகில் அவரைக் கண்டு ஊக்கமூட்டினார் என்றும், அப்போது செரி நாரா டிராஜா பட்டத்தை ஏற்றிருந்த தாய்மாமன் துன் அலியின் துணையோடு ஒரே இரவில் கிளர்ச்சி வெடித்தது என்றும் அக்கதை தொடர்கிறது. தயங்கிய பெண்டஹாராவை யானைமேல் ராஜா காசிமின் அருகே அமர வைத்து, மக்கள் அனைவரும் அவர் பக்கமே என்று காட்டிய உத்தி, அரண்மனை அரசியலைத் துன் அலி எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று. ரோக்கான் அரசர் கொல்லப்பட்டார்; சாகும் தறுவாயில் அவர் இளம் சுல்தானைக் குத்திக் கொன்றார். ராஜா காசிம் சுல்தான் முசபர் ஷா என்னும் பெயருடன் 1459 வரை ஆண்டார். இவ்வாறு மலாக்காவின் அரியணை தாய்மாமன் வலுவால் அவருக்குக் கிட்டியது.

இக்கிளர்ச்சி அவையில் இரண்டு பிரிவுகளை உண்டாக்கியது. பழைய பெண்டஹாராவான செரி வாக் ராஜா, சுல்தான் தம்மீது வெறுப்புக் கொண்டுவிட்டார் என்று தவறாக எண்ணி நஞ்சுண்டு இறந்தார். அப்பதவி துன் அலிக்குப் போயிற்று. இறந்தவரின் மகன் துன் பேராக் கிள்ளானில் தலைவராக இருந்தவர். சயாமியப் படையெடுப்பின்போது வீரர்களைப் பெண்டு பிள்ளைகளோடு அழைத்துவந்து, குடும்பம் அருகில் இருந்தால்தான் ஆண்கள் உயிரைக் கொடுத்துப் போரிடுவர் என்று விளக்கம் சொல்லிச் சுல்தானின் மதிப்பைப் பெற்றவர். அவருக்கும் துன் அலிக்கும் இடையிலான பகை நாட்டைப் பிளக்கும் அளவுக்கு வளர்ந்தபோது, சமாதானம் ஒரு திருமணத்தால் ஏற்பட்டது. துன் அலி 1456ஐ ஒட்டிப் பெண்டஹாரா பதவியைத் துன் பேராக்கிற்கு விட்டுக்கொடுத்தார். அதற்கு ஈடாக, துன் பேராக்கின் சகோதரியும் சுல்தானின் மனைவியுமான துன் கூடுவைச் சுல்தான் விவாகரத்து செய்து, முதுமை எய்தியிருந்த துன் அலிக்கு மணம் முடித்து வைத்தார். துன் கூடுவின் விருப்பத்தை யாரேனும் கேட்டார்களா என்று ஏடு சொல்லவில்லை. அரசகுலப் பெண்களின் வாழ்வு நாட்டின் அமைதிக்குப் பிணையாக வைக்கப்பட்ட காலம் அது.

இத்தகைய மணவுறவு அரசியல் மலாய் உலகுக்கு மட்டும் உரியதன்று. அதே ஆண்டுகளில், 1447இல் போலந்தின் அரசரான நான்காம் காசிமிர் 1454இல் ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் குலத்து எலிசபெத்தை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த பதின்மூன்று பிள்ளைகளுள் நால்வர் போலந்து, பொஹீமியா, ஹங்கேரி ஆகிய நாடுகளில் அரியணை ஏறினர். போலந்தின் கிராக்கோ அரண்மனையிலும் மலாக்காவின் குன்றிலும் ஒரே காலத்தில் அரச குடும்பங்கள் மணவுறவால்தான் தங்கள் வலுவைத் தேடின. வேறுபாடு ஒன்று உண்டு: காசிமிர் அயல்நாட்டு அரசகுலத்தில் பெண் எடுத்தார், மலாக்கா அரசர்களோ தங்கள் அமைச்சர் குடும்பத்திலேயே மீண்டும் மீண்டும் பெண் எடுத்தனர். அதனால் அமைச்சர் என்பவர் அரசருக்கு மாமனாகவோ மைத்துனராகவோ அமைந்தார். அரசின் வலிமையும் அதன் ஆபத்தும் அவ்வுறவுக்குள்ளேயே அடங்கியிருந்தன.

அவ்வலிமை முதலில் வெளிப்பட்டது. முசபர் ஷாவின் பேரனான முதலாம் அலாவுதீன் ரியாயத் ஷா, துன் அலியின் மகள் துன் செனாஜாவை மணந்தார். அவர்களின் மகன் மஹ்மூத் ஷா 1488இல் சுல்தானானார். துன் செனாஜாவின் சகோதரர் துன் முத்தாஹிர் 1500ஐ ஒட்டிப் பெண்டஹாராவானார். தாய்மாமன் முதலமைச்சராகவும் மருமகன் அரசராகவும் இருந்த அப்பத்தாண்டில் மலாக்கா தன் செல்வத்தின் உச்சியில் இருந்தது. துறைமுகத்தை ஷாபந்தர் எனப்படும் நால்வர் மேற்பார்வை செய்தனர்: குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரை, வங்கம், பெகு, பாசாய் வணிகர்க்கு ஒருவர், சாவகம், மலுக்கு முதலிய தீவுகளிலிருந்து வருவோர்க்கு ஒருவர், சீனா, சம்பா முதலிய நாட்டினர்க்கு ஒருவர். துன் முத்தாஹிரின் ஆடம்பரத்தை ஏடு விரிவாக எழுதுகிறது. ஒரே நாளில் பலமுறை உடைமாற்றுவதும், ஆளுயரக் கண்ணாடியின் முன் நின்று, எந்த மேலாடைக்கு எந்தத் தலைப்பாகை பொருந்தும் என்று பார்ப்பதும் அவர் வழக்கம். அவருடைய மகன் துன் ஹசான் தெமெங்கோங் ஆனார். நகரக் காவலும் நீதியும் அப்பதவியின் பொறுப்புகள். நாட்டின் உயர்பதவிகள் ஒரே குடும்பத்தில் குவிந்தன.

ஆபத்தும் அங்கிருந்தே வந்தது. துன் முத்தாஹிரின் மகள் துன் பாத்திமா சுல்தானுக்குத் தாய்மாமன் மகள். அரசி இறந்தால் பெண்டஹாராவின் மகளே அவ்விடத்துக்கு உரியவர் என்ற வழக்கம் இருந்தும், துன் முத்தாஹிர் தம் மகளைத் துன் அலி என்ற இளைஞருக்குக் கொடுத்துவிட்டார். இவர் பாட்டனின் பெயரையே கொண்ட வேறொருவர். திருமணத்துக்கு வந்து மணமகளைக் கண்ட சுல்தான் மஹ்மூத், இவளைத் தமக்குக் காட்டாமல் மறைத்தாரே என்று மனத்துக்குள் வஞ்சம் வைத்தார். அவ்வஞ்சத்துக்கு வாய்ப்பாக ஒரு வழக்கு அமைந்தது. தென்னிந்தியக் கரையைச் சேர்ந்த செல்வரும் ஷாபந்தருமான ராஜா முதலியாருக்கும், வணிகர் தலைவரான நைனா சூரதேவனுக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. நைனா சூரதேவன் இரவில் பெண்டஹாராவின் வீட்டுக்குப் பத்துக் காட்டி எடையுள்ள பொன் கொண்டுபோய்க் கொடுத்தார். அச்செய்தியை நைனா சூரதேவனின் உறவினரான கிட்டுல், தம் கடனைத் தள்ளுபடி செய்துகொள்ளும் ஆசையில் ராஜா முதலியாரிடம் போட்டு உடைத்தார். அஞ்சிய ராஜா முதலியார், கடற்படைத் தலைவரான லக்சமணா கோஜா ஹசானைப் பொருள் கொடுத்து வசப்படுத்தி, பெண்டஹாரா அரியணையைக் கைப்பற்றச் சதி செய்கிறார் என்ற பொய்யைச் சுல்தானின் காதில் ஏற்றச் செய்தார்.

சுல்தான் விசாரிக்கவே இல்லை. கொலை ஆணையோடு அரசரின் ஆட்கள் வந்தபோது, துன் ஹசானும் மற்றவர்களும் ஆயுதமெடுத்துப் போரிட முனைந்தனர்; துன் முத்தாஹிர் அவர்களைத் தடுத்தார். அரசருக்கு எதிராகக் கை ஓங்குவது மலாய்க் குடிகளின் மரபன்று என்றும், முன்னோர் காத்துவந்த விசுவாசத்தைத் தங்கள் காலத்தில் கெடுக்கக் கூடாது என்றும் சொல்லி அவர் சாவை ஏற்றதாக ஏடு பதிகிறது. துன் முத்தாஹிர், துன் ஹசான், துன் பாத்திமாவின் கணவர் ஆகியோரோடு குடும்பத்தின் ஆண்கள் பலர் 1510இல் மாண்டனர். குற்றச்சாட்டு பொய் என்று பிறகு தெரியவந்ததும் ராஜா முதலியாரும் கிட்டுலும் கொல்லப்பட்டனர். லக்சமணாவின் சொத்து பறிமுதலாயிற்று. இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கது ஒன்று: கொடுத்தவரும், காட்டிக்கொடுத்தவரும், பழி சுமத்தியவரும், பழிக்கு இரையானவரும் ஏதோ ஒரு வகையில் தென்னிந்தியக் கரையோடு தொடர்புடையவர்களே. அப்பொதுவான தொடர்பு அவர்களை ஒரே அணியில் நிறுத்திவிடவில்லை. அடுத்த ஆண்டு, 1511 ஆகஸ்டில், அஃபோன்சோ டி அல்புகர்க்கின் போர்த்துக்கீசியப் படை மலாக்காவைக் கைப்பற்றியபோது, நைனா சத்து என்னும் இந்து வணிகர் அவர்களுக்குத் துணைநின்று, அவர்களின் ஆட்சியில் பெண்டஹாரா பட்டமும் பெற்றார். தன் மிகத் திறமையான குடும்பத்தைத் தானே அழித்துக்கொண்ட ஓர் அரசு, ஓராண்டுக்குப் பின் வந்த பகையைத் தாங்க முடியாமல் போனது வியப்பன்று.

சுல்தான் மஹ்மூத் துன் பாத்திமாவைத் தம் மனைவியாக்கிக்கொண்டார். தந்தையையும் கணவரையும் உடன்பிறந்தாரையும் கொல்வித்தவரின் அரண்மனையில் வாழ நேர்ந்த அப்பெண், ஒருநாளும் சிரித்ததில்லை என்றும், கருவுற்றபோதெல்லாம் அக்கருவைக் கலைத்துவிட்டார் என்றும் ஏடு சொல்கிறது. காரணம் கேட்ட சுல்தானிடம், அரியணைக்கு ஏற்கெனவே மகன்கள் இருக்கும்போது தம் பிள்ளையால் ஆவதென்ன என்று அவர் விடை சொன்னார். ஆண் மகவு பிறந்தால் அவனே அரசன் என்று சுல்தான் வாக்களித்த பின்னரே பிள்ளை பெற இசைந்தார். சுல்தானின் படைகள் பின்வாங்கிய வழியெல்லாம், மூவாரிலும் பகாங்கிலும் பிந்தான் தீவிலும் அலைந்த அரச குடும்பத்தில், அந்த அலைச்சலின் நடுவே பிறந்த ராஜா அலி இளவரசராக்கப்பட்டார். அவருக்கு மூத்தவரான ராஜா முசபர் ஒதுக்கப்பட்டு, பின்னர் பேராக் நாட்டின் முதல் சுல்தானானார். 1526இல் போர்த்துக்கீசியர் பிந்தானை அழித்தனர். 1528இல் சுல்தான் மஹ்மூத் சுமத்ராவின் கம்பாரில் இறந்தார். ராஜா அலி இரண்டாம் அலாவுதீன் ரியாயத் ஷா என்னும் பெயருடன் பட்டமேற்று, ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் பெக்கான் துவாவில் தலைநகர் அமைத்தார். ஜொகூர் சுல்தானகத்தின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

இப்போது அவருடைய மூன்று வழிகளையும் வரிசைப்படுத்திப் பார்க்கலாம். முதல் வழி தந்தையின் தந்தைவழி: மணி புரிந்தனின் மகள் துன் வாத்தி, அவர் மகன் முசபர் ஷா, அடுத்து மன்சூர் ஷா, முதலாம் அலாவுதீன், மஹ்மூத், பின் இவர். இரண்டாம் வழி தந்தையின் தாய்வழி: மணி புரிந்தனின் மகன் துன் அலி, அவர் மகள் துன் செனாஜா, அவர் மகன் மஹ்மூத், பின் இவர். மூன்றாம் வழி தாய்வழி: துன் அலி, அவர் மகன் துன் முத்தாஹிர், அவர் மகள் துன் பாத்திமா, பின் இவர். மூன்று வழியிலும் ஒரு பெண்ணின் வழியாகவே மணி புரிந்தனின் குருதி அரியணையை எட்டுகிறது. பட்டத்துக்கு உரியவரைத் தந்தைவழியில் எண்ணிய ஓர் அரசில், அப்பட்டத்தை யார் அடைவது என்பதைப் பலமுறை தீர்மானித்தவர்கள் தாயும் தாய்மாமனுமே.

இரண்டாம் அலாவுதீனின் ஆட்சி அமைதியானதாக இருக்கவில்லை. 1530களில் எஸ்தேவாவ் ட காமாவின் தலைமையில் வந்த போர்த்துக்கீசியர் அவருடைய நகரைத் தாக்கினர். அவர் 1540ஐ ஒட்டித் தலைநகரை ஜொகூர் லாமாவுக்கு மாற்றினார். 1564இல் அச்சே நாட்டுப் படைகள் அந்நகரை வென்று அவரைச் சிறைபிடித்துச் சென்றன. அங்கேயே அவர் உயிரிழந்தார். ஆயினும் அவர் நட்ட அரசு நிலைத்தது. 1699இல் இரண்டாம் மஹ்மூத் ஷா வாரிசின்றிக் கோத்தா திங்கியில் கொல்லப்படும்வரை மலாக்கா வழியினர் ஜொகூரை ஆண்டனர். அதன்பின் பெண்டஹாராவே சுல்தானானார்.

மணி புரிந்தனின் வழியினர் தங்களை மலாய்க் குலத்தவராகவே கருதினர் என்பதும் உண்மை. மணி புரிந்தனின் பெயரைச் சொல்லும் அதே முன்னுரையில், தம் இனம் மலாய் என்றும் அது புக்கிட் சிகுந்தாங் மலையிலிருந்து வந்தது என்றும் துன் செரி லானாங் எழுதுகிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் அவருக்கு எந்த முரணும் தெரியவில்லை. ஆகவே 'தமிழர் ஜொகூரை ஆண்டனர்' என்று மார்தட்டுவது வரலாறாகாது. அக்குடும்பத்துக்கும் தென்னிந்தியக் கரைக்கும் தொடர்பே இல்லை என்று மறைப்பதும் வரலாறாகாது. கடல் கடந்து வந்த ஒரு குடும்பம், பெண் கொடுத்தும் பெண் எடுத்தும், பதவி வகித்தும் பழி சுமந்தும், இம்மண்ணின் குடும்பமாகவே ஆகிவிட்டது என்பதே சான்றுகள் காட்டும் செய்தி.

ஜொகூர் பாருவிலிருந்து தெப்ராவ், உலு திராம் வழியாகக் கோத்தா திங்கிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவுதான். அங்கிருந்து ஆற்றோரமாகச் சென்றால் மண் அரண்கள் இன்றும் மேடுகளாகத் தெரியும் ஜொகூர் லாமாவை அடையலாம். தெப்ராவ் வட்டாரத்துத் தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளை அவ்விடங்களுக்கு அழைத்துச் சென்று, துன் அலி, துன் முத்தாஹிர், துன் பாத்திமா ஆகியோரின் கதையை முழுமையாக, பெருமையையும் துயரத்தையும் சேர்த்தே சொல்லித் தர வேண்டும். இந்நாட்டில் தங்கள் கதை ரப்பர் மரத்தடியில்தான் தொடங்கியது என்று எண்ணி வளரும் தலைமுறைக்கு அவ்வறிவைத் தருவது நம் கடமை.